பார்வையின்மை: உடல்நிலையாகவும் உவமையாகவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வையின்மை பற்றி எழும் கேள்விகளில் ஒரு பகுதி மருத்துவத்தைச் சார்ந்தது. மற்றொரு பகுதி, அறியாமைக்கும் பிடிவாதத்துக்கும் அளவுகடந்த பாசத்துக்கும் நாம் அதை உவமையாக்கிப் பேசுவதால் எழுவது. இவ்விரண்டையும் பிரித்து வைத்துப் பேசுவதே வழக்கம். ஆனால் உவமையின் பிழை நோயாளியின் வாழ்க்கைக்குள் நுழைந்துவிடுகிறது. நோயைப் பற்றிய உண்மைகளோ உவமையைத் திருத்த வல்லவை. ஆகவே இங்கே இரண்டும் சேர்த்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மருத்துவப் பதில்கள் பொதுவான விளக்கங்களே; கண் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு அவை மாற்றாகா.

பார்வையற்றவர் என்றால் எதுவுமே தெரியாதவர் என்று பொருளா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வைக் கூர்மை 3/60க்குக் கீழே இருந்தால் அது பார்வையின்மை எனப்படும். இயல்பான பார்வையுள்ளவர் 60 மீட்டர் தொலைவிலிருந்து அடையாளம் காணும் உருவத்தை இவரால் 3 மீட்டரிலிருந்தும் காண இயலாது என்பது இதன் பொருள். 6/60க்கும் 3/60க்கும் இடைப்பட்ட நிலை கடுமையான குறைபார்வை. 6/18க்கும் 6/60க்கும் இடைப்பட்ட நிலை மிதமான குறைபார்வை. எழுத்துகளைப் படிக்கும் கூர்மை நன்றாக இருந்தும், சுற்றியுள்ள பார்வைப் புலம் நடுவில் ஒரு சிறு வட்டமாகச் சுருங்கிப்போனவர்களும் நடைமுறையில் பார்வையற்றவர்களே.

இந்த வரையறைக்குள் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓரளவு தெரியும். சிலருக்கு ஒளியும் நிழலும் தெரியும். சிலருக்கு அசைவு தெரியும். சிலருக்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் ஓரங்கள் மட்டும் தெரியும். ஒளியையே உணராதவர்கள் சிறுபான்மையினர். எனவே வெண்கோலுடன் நடந்து வந்த ஒருவர், அமர்ந்ததும் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்து படிப்பதைக் கண்டு ‘இவர் நடிக்கிறார்’ என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம். நடப்பதற்குத் தேவையான பார்வை வேறு; படிப்பதற்குத் தேவையான பார்வை வேறு.

முழுமையாகப் பார்வை இல்லாதவர்கள் எப்போதும் கருமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?

பிறவியிலேயே பார்வை இல்லாதவரைப் பொறுத்தவரை கருமையும் ஒரு காட்சியே. காட்சி என்பதே இல்லாதபோது கருமையும் இல்லை. பின்னாளில் பார்வை இழந்தவர்களோ பல விதமாகச் சொல்கிறார்கள்: சாம்பல் மூட்டம், வண்ணச் சுழல்கள், ஓயாமல் மின்னும் பொறிகள். கண்ணிலிருந்து செய்தி வராதபோதும் மூளையின் காட்சிப் பகுதி வேலை செய்துகொண்டிருப்பதே இதற்குக் காரணம். கனவுகளும் இப்படித்தான். ஏறத்தாழ 5 முதல் 7 வயதுக்கு முன்பே பார்வை போனவர்களின் கனவுகளில் பொதுவாகக் காட்சி இருப்பதில்லை. ஒலியும் தொடுகையும் மணமும் நிறைந்திருக்கும். அதன் பிறகு இழந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் காட்சிகளாகக் கனவு காண்பதுண்டு.

பார்வையிழப்புக்கு முக்கியக் காரணங்கள் எவை? அவற்றைத் தடுக்க முடியுமா?

2020ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4.3 கோடிப் பேர் பார்வையற்றவர்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து முதலான எல்லாக் குறைகளையும் சேர்த்தால் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு பார்வைக் குறை உண்டு என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாமல் இருப்பது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த 100 கோடி என்ற எண்ணே என்னை மிகவும் வருத்துவது, ஏனெனில் அதன் பெரும்பகுதிக்கு மருந்து ஒரு கண்ணாடி அல்லது ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை.

பார்வையின்மைக்கு முதற்காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக ஒளி ஊடுருவும் தன்மையை இழந்து கலங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லுகள் கண்ணில் தைத்த விமானிகளுக்கு அந்தச் சில்லுகளால் அழற்சி ஏற்படவில்லை என்பதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949இல் லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், மீயொலியால் புரையை உடைத்துச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய கண்புரை அறுவைச் சிகிச்சை இவ்விரண்டின் வழியில் வந்தது; பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புரையால் போன பார்வை மீளக்கூடியது.

கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயிலும், நீண்டநாள் நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் சிதையும் ரெட்டினோபதியிலும், முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதிலும் நிலைமை வேறு. இவற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். போன பார்வையை மீட்பது அரிது. ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்னும் பழமொழி கிளாக்கோமாவுக்கும் நீரிழிவு ரெட்டினோபதிக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைப் பரிசோதித்து, பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறது என்பது இதைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

குழந்தைகளிடம் காரணங்கள் வேறு. வைட்டமின் ஏ குறைவு முதலில் மாலைக்கண் நோயாகத் தொடங்கி, முற்றினால் கருவிழியையே அழிக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. 1940களில் இத்தகைய குழந்தைகளைக் காப்பாற்றத் தாராளமாகத் தரப்பட்ட ஆக்சிஜனே பலரின் பார்வையைப் பறித்தது என்பதை 1951இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்பல் சுட்டிக்காட்டினார். இன்று ஆக்சிஜன் அளவு கண்காணிக்கப்படுகிறது. ஆயினும் மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த சில வாரங்களில் பரிசோதிப்பது கட்டாயம். தொற்றுகளில் டிரக்கோமா முதன்மையானது. தூய நீரும் முகச் சுத்தமும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் போதும் என்னும் அளவுக்குத் தடுக்கக்கூடிய அந்த நோய் இன்னும் சில நாடுகளில் நீடிப்பதை ஏழ்மையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கிளாக்கோமா உள்ளவருக்குப் பார்வை குறைவது ஏன் தெரிவதில்லை?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். பின்னால் வரும் உவமை பற்றிய பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் மூளைக்குச் செல்கின்றன. கிளாக்கோமாவில் இவை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அழிகின்றன. பரவலாகக் காணப்படும் வகையில் வலி இல்லை, கண் சிவப்பதில்லை, நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் படிப்பதிலும் குறை தெரிவதில்லை. இருந்தாலும், பார்வையின் ஓரத்தில் ஒரு பகுதி அழிந்தால் அங்கே ஒரு கரிய ஓட்டை தெரிய வேண்டுமே என்று தோன்றும். தெரியாது. அந்த இடத்தை மூளை சுற்றுப்புறத்தின் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு இட்டு நிரப்பிவிடுகிறது.

நோயில்லாத கண்ணிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் செல்கள் இல்லை. அதுவே குருட்டுப் புள்ளி. பிரெஞ்சு அறிஞர் எட்ம் மரியோட் 1660களில் இதை எடுத்துக்காட்டினார். ஒரு வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு 8 சென்டிமீட்டர் வலப்புறம் ஒரு சிறு புள்ளியும் இடுங்கள். இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் கூட்டல் குறியை மட்டும் நோக்கியபடி தாளை மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. வெறும் வெள்ளைத் தாள் தெரியும். கோடு போட்ட தாளாக இருந்தால் கோடுகள் தொடர்வதாகத் தெரியும். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கண்ணிலும் இந்த இடைவெளி இருந்தும் நாம் அதை உணர்ந்ததில்லை.

ஆகவே ‘எனக்கு எல்லாம் தெரிகிறது’ என்ற உணர்வு, எல்லாம் தெரிகிறது என்பதற்குச் சான்றாகாது. இதனால்தான் 40 வயதைக் கடந்தவர்களும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ கிளாக்கோமா உள்ளவர்களும் கண் அழுத்தம், பார்வை நரம்பின் தோற்றம், பார்வைப் புலம் ஆகிய மூன்றையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதே இந்நோய் வருவதுண்டு என்பதால் அழுத்தத்தை மட்டும் அளந்து நிறுத்துவது போதாது.

எந்த அறிகுறிகளுக்கு உடனே, அதே நாளில், மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

திடீரென ஒரு கண்ணில் பார்வை மறைதல். திடீரென மிதக்கும் புள்ளிகள் பெருகி, மின்னல் கீற்றுகள் தெரிதல். ஓரத்திலிருந்து திரை இறங்குவதாகத் தோன்றுதல். கடும் கண்வலியுடன் குமட்டலும் விளக்கைச் சுற்றி வண்ண வளையங்களும் தெரிதல். கண்ணில் வேதிப்பொருள் படுதல். கடைசியாகச் சொன்னதற்கு முதலுதவி, மருத்துவரிடம் கிளம்பும் முன்பே, சுத்தமான நீரால் நீண்ட நேரம் கண்ணைக் கழுவுவது.

பார்வை மங்கிவரும் என் பாட்டி, அறையில் இல்லாத மனிதர்களைப் பார்ப்பதாகச் சொல்கிறார். இது மனநோயா?

பெரும்பாலும் இல்லை. இது சார்ல் பொனே நோய்க்குறி எனப்படுகிறது. கண்புரையால் பார்வை மங்கிய தம் தாத்தா சார்ல் லுல்லன் கண்ட மனிதர்கள், பறவைகள், கட்டடங்கள் ஆகியவற்றை ஸ்விட்சர்லாந்து அறிஞர் சார்ல் பொனே 1760இல் பதிவுசெய்தார். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானே காட்சிகளைப் படைக்கிறது. அவை ஒலியற்றவை, பெரும்பாலும் தெளிவானவை, அவை உண்மையல்ல என்பது காண்பவருக்கும் பொதுவாகத் தெரிந்திருக்கும்.

மனநோயாளி என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் முதியவர்கள் பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. ‘இது பார்வை குறைந்தவர்களுக்கு வருவதுதான், உங்கள் அறிவு தெளிவாகவே இருக்கிறது’ என்று பாட்டியிடம் சொல்லுங்கள்; அந்த ஒரு சொல்லே பாதி மருந்து. கூடவே குரல்கள் கேட்டாலோ, காட்சிகளை உண்மையென நம்பினாலோ, குழப்பமும் மறதியும் சேர்ந்திருந்தாலோ வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

பிறவியிலிருந்து பார்வை இல்லாதவருக்கு அறுவைச் சிகிச்சையால் பார்வை கிடைத்தால், உடனே எல்லாவற்றையும் காண்பாரா?

இது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான கேள்வி. அயர்லாந்து அறிஞர் வில்லியம் மாலினோ 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதியது இதுதான்: தொட்டுப் பார்த்தே உருண்டையையும் கனசதுரத்தையும் வேறுபடுத்தக் கற்ற ஒருவருக்குத் திடீரெனப் பார்வை கிடைத்தால், தொடாமலே இது உருண்டை, இது கனசதுரம் என்று சொல்வாரா? சொல்ல மாட்டார் என்பதே இருவரின் கருத்தும்.

இந்தியாவில் பிறவிக் கண்புரை அல்லது பிறவிக் கருவிழி மங்கலுடன் வளர்ந்து, 8 முதல் 17 வயதுக்குள் அறுவைச் சிகிச்சை பெற்ற ஐந்து பேரிடம் பவன் சின்ஹா குழுவினர் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. கண்ணால் பார்த்த பொருளைக் கண்ணாலேயே அடையாளம் காண்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் இனம் காண்பதோ தொடக்கத்தில் ஏறக்குறைய முடியாமல் போனது. சில நாட்களிலேயே அதையும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். பார்ப்பது கண்ணின் வேலை மட்டுமன்று, மூளை கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் இந்தக் கற்றலுக்குக் காலம் உண்டு. குழந்தையின் ஒரு கண்ணில் புரையோ மாறுகண்ணோ கடும் பார்வைக் குறையோ இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். இதையே சோம்பேறிக் கண் என்கிறோம். சிறு வயதிலேயே சரிசெய்தால் மீட்பது எளிது, வயது ஏற ஏறக் கடினம். பள்ளியில் சேரும் முன்பே குழந்தையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பார்வை போனால் மற்றப் புலன்கள் தாமாகவே கூர்மையாகுமா?

தாமாக அன்று, பயிற்சியால் ஆகும், மூளையும் அதற்கு இடம் கொடுக்கும். சிறு வயதில் பார்வை இழந்தவர்கள், விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலைப் படிக்கும்போது அவர்களுடைய மூளையின் காட்சிப் பகுதி செயல்படுவதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறவியிலிருந்து பார்வையற்ற, பிரெயிலில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் அதே காட்சிப் பகுதி பாதிக்கப்பட்டபோது, விரல்களின் உணர்வு குறையாதிருந்தும் பிரெயில் படிக்கும் திறன் மட்டும் போய்விட்டது என்று 2000ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். கண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதாக நாம் நினைக்கும் நிலத்தில் விரல் பயிர்செய்கிறது. இதை ‘தெய்வம் கொடுத்த ஈடு’ என்று சொல்லிவிட்டால் அவர்களின் பல்லாண்டு உழைப்பு மறைந்துபோகும்.

கண் நன்றாக இருந்தும் பார்வை இல்லாமல் போகுமா?

போகும். மூளையின் பின்பகுதியில் உள்ள காட்சிப் புறணி சிதைந்தால் பழுதில்லாத கண்ணாலும் பார்க்க முடியாது. அங்கே இரண்டு வியப்பான நிலைகள் எதிரெதிராக நிற்கின்றன.

முதலாவது, பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் 1970களில் ஆராய்ந்தது. புறணியின் ஒரு பகுதி நீக்கப்பட்ட நோயாளி, அதனால் மறைந்த பார்வைப் பகுதியில் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றே கூறினார். ‘ஊகித்தாவது சொல்லுங்கள்’ என்று வற்புறுத்தியபோது, ஒளி எங்கே இருக்கிறது என்பதை ஊகத்தால் விளக்க முடியாத அளவுக்குச் சரியாகச் சுட்டினார். பார்த்தார், பார்த்ததை அறியவில்லை.

இரண்டாவது இதன் மறுதலை. 1899இல் ஆஸ்திரிய மருத்துவர் கேப்ரியேல் ஆன்டன் விவரித்த நிலையில், பார்வையை முற்றிலும் இழந்த நோயாளி தமக்குப் பார்வை இருப்பதாகவே உறுதியாக நம்புகிறார். எதிரே நிற்பவரின் உடையைத் தயங்காமல் வருணிப்பார், தவறாக. சுவரில் மோதினால் விளக்கு போதவில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த நிலை மிக அரிது. எனினும் உவமையாகச் சொல்லப்படும் ‘குருட்டுத்தனம்’ உண்மையில் எதைச் சுட்டுகிறது என்று கேட்டால், நான் இந்த நோயாளியைத்தான் நினைக்கிறேன். சாதாரணமாகப் பார்வை இழந்தவர் அப்படியல்லர்: தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் அறிவார், கோலை நீட்டித் தரையைக் கேட்கிறார்.

பார்வையுள்ளவர்களுக்கும் கண்ணெதிரே இருப்பது தெரியாமல் போகும் என்கிறார்களே, அது உவமையா, உண்மையா?

உண்மை, அளந்து காட்டப்பட்ட உண்மை. 1999இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் வெளியிட்ட சோதனையில், பந்தை வீசிப் பிடிப்பவர்களின் காணொளியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை.

நிபுணர்கள் இதற்கு விலக்கா என்று 2013இல் மற்றொரு குழு ஆராய்ந்தது. நுரையீரல் சி.டி. படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கேட்டு, கடைசிப் படங்களில் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, காணாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த உருவம் இருந்த இடத்தையே நேராக நோக்கியிருந்தார்கள். இது அவர்களுடைய திறமைக் குறைவன்று. ஒன்றைத் தேடும் கவனம் மற்றொன்றை விலக்கித்தான் இயங்க முடியும்.

அறியாமையைக் குருடு என்று சொல்லும் வழக்கம் நம் இலக்கியத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. திருமூலர் தகுதியற்ற குருவையும் சீடனையும் குருடும் குருடும் சேர்ந்து ஆடிக் குழியில் விழுவதாகப் பாடுகிறார். ஆன்மிக அறியாமையைச் சுட்டும் வரி என்பது தெரிந்ததே. ஆயினும் உவமையின் நேர்ப்பொருளை வரலாறு மறுத்துவிட்டது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் பார்வையுள்ள ஆசிரியர்கள் தங்கள் கண்ணுக்கு இசைந்த எழுத்துகளையே மேடாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். விரலால் அவற்றைப் படிப்பது பெரும்பாடாக இருந்தது. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கண்ணில் காயம்பட்டு, பின்னர் முற்றிலும் பார்வை இழந்த லூயி பிரெயில் என்னும் மாணவர், அதற்கு முன்பே உருவாக்கப்பட்டிருந்த ஒரு புள்ளி எழுத்து முறையைச் சுருக்கி, 1824இல் தமது 15ஆம் வயதில், ஒரே விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளில் முழு எழுத்து முறையை அமைத்தார். 1829இல் அது நூலாக வெளியாயிற்று. அதே பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. பார்வையற்றவர் பார்வையற்றவருக்கு வழிகாட்டியதால்தான் உலகெங்கும் அவர்கள் படிக்கிறார்கள்.

குறள் வேறு வழியில் செல்கிறது. கற்றவரே கண்ணுடையவர் என்றும், கல்லாதவர் முகத்தில் இரண்டு புண்ணுடையவர் என்றும் அது சொல்கிறது. அங்கே சுட்டப்படுபவர் பார்வையற்றவர் அல்லர். பார்வை இருந்தும் கல்லாதவர். இந்த நுட்பமான வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாரதக் கதையின் திருதராட்டிரனைப் பாசத்தால் குருடானவன் என்று காட்டுவதும் பரவலான வழக்கம். ஆனால் அவன் செய்த பிழையைக் கண்ணோடு சேர்க்க இயலாது. விதுரன் சொன்ன அறவுரை அவன் காதில் தெளிவாகவே விழுந்தது. சூதாட்டத்தில் வென்றாயிற்றா என்று அவன் மீண்டும் மீண்டும் கேட்டான். தெரிந்தே தடுக்காதவனுக்குப் பார்வையின்மையைக் காரணமாக்குவது அவனுக்குச் சலுகை, பார்வையற்றவர்களுக்குப் பழி.

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்களின் கதை சரியான உவமைதானே?

கதை சொல்லவரும் கருத்து சரி. ஒவ்வொருவரும் ஒரு பகுதியை மட்டும் அறிந்து முழுவதும் அறிந்ததாக வாதிடுகிறோம். ஆனால் பாத்திரத் தேர்வு பிழையானது. தொட்டறியும் பழக்கமுள்ளவர் ஒரே இடத்தில் கையை வைத்துவிட்டு முடிவு சொல்வதில்லை. கையை நகர்த்துவார், சுற்றி வருவார், அடுத்தவரிடம் கேட்பார். தொடுகையால் அறிவது என்பதே பகுதிகளைக் கூட்டி முழுமையை அமைப்பதுதான். ஒரே பார்வையில் முழுவதையும் கண்டுவிட்டதாக நம்பி விசாரிக்காமல் விடுவது பார்வையுள்ளவரிடம் அதிகம் நிகழ்வது.

பார்வையை மறைப்பது நன்மையாகவும் சொல்லப்படுகிறதே, நீதிதேவதையின் கண்கட்டு போல?

ஆம், அங்கே பார்க்காமல் இருப்பது தெரிந்தே மேற்கொள்ளும் ஒழுங்கு. அறிவியலில் இதற்கு நேரடியான தொடக்கம் உண்டு. 1784இல், உடலில் ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாகக் கூறிய மெஸ்மர் என்னும் மருத்துவரின் ‘விலங்குக் காந்த’ சிகிச்சையை ஆராயப் பிரெஞ்சு அரசர் அமைத்த, பெஞ்சமின் பிராங்க்ளின் இடம்பெற்ற குழு, நோயாளிகளின் கண்களை உண்மையாகவே துணியால் கட்டிச் சோதித்தது. சிகிச்சை நடப்பதாக நம்பியபோது விளைவு தோன்றியது. நம்பாதபோது, சிகிச்சை நடந்தும் தோன்றவில்லை. இன்று மருந்துச் சோதனைகளில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி மறைப்பது இதன் வளர்ச்சியே. எதை நான் பார்க்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்த பார்வையின்மை இது.

அப்படியானால் இந்த உவமையைக் கைவிட வேண்டுமா?

பழைய பாடல்களைத் திருத்தி எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக எழுதும்போது மட்டும், நாம் குறிப்பது எது என்று ஒருகணம் கேட்டுப் பார்க்கலாம். ஆராயாமல் நம்பினான் என்றால் அப்படியே எழுதலாம். தெரிந்தும் தடுக்கவில்லை, கேட்க மறுத்தார், கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று எழுதினால் குற்றம் யாருடையது, எது என்பதும் விளங்கும். ‘குருடாக இருந்துவிட்டார்’ என்னும்போது அந்தப் பொறுப்பு கரைந்து, அவருக்கு நேர்ந்த ஒரு விபத்தாக மாறிவிடுகிறது. மறுபுறம், பார்வையற்றவர்களிடம் ‘பார்த்தீர்களா’, ‘பார்க்கலாம்’ என்று பேசத் தயங்க வேண்டியதில்லை. அவர்களும் அப்படியே பேசுகிறார்கள்.

பார்வையற்ற ஒருவருக்கு உதவ விரும்பினால் எப்படி அணுகுவது?

முதலில் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசி, உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும். நீங்கள் அவர் கையையோ கோலையோ பிடித்து இழுக்க வேண்டாம். ‘அங்கே’, ‘இந்தப் பக்கம்’ என்பதைவிட ‘உங்களுக்கு வலப்புறம் மூன்று அடியில்’ என்பது பயன்படும். விலகிச் செல்லும்போது சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கேள்வியை உடன் வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

என் பார்வை படிப்படியாகக் குறைந்து வருகிறது. இனி வாழ்க்கை இருள்தானா?

இந்தக் கேள்வியில் ‘இருள்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நீங்கள் கற்ற எல்லாக் கதைகளும் பார்வையின்மையைத் தண்டனை, அறியாமை, கையறு நிலை என்றே சொல்லியிருக்கின்றன. அதனால் பலர் வெண்கோலை எடுப்பதைத் தோல்வியின் ஒப்புதலாக எண்ணி, தடுக்கி விழும்வரை தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் துக்கம் நியாயமானது. அதை அவசரமாக ஆற்றிவிட வேண்டியதில்லை. ஆனால் துக்கத்தையும் கற்றலையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கவும் பயன்படுத்தவும் குறைபார்வை மருத்துவரை நாடுங்கள். உருப்பெருக்கிகள், ஒளியமைப்பு, நிறவேறுபாடு ஆகியவற்றில் செய்யும் சிறு மாற்றங்களே படிப்பை மீட்டுத் தரக்கூடும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும், கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள திரைவாசிப்பானை, கண்ணால் திரையைப் பார்க்க முடிகிறபோதே பழகுவது எளிது. நடமாட்டப் பயிற்சியையும் அப்படியே முன்கூட்டித் தொடங்குங்கள். பிரெயில் கற்கும் வயது கடந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால், மருந்துப் பெட்டியிலும் மின்தூக்கிப் பொத்தானிலும் உள்ளதைப் படிக்கும் அளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். ஒளியே உணராத நிலை வந்து உறக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலின் நாள்கடிகாரம் கண் வழியே வரும் ஒளியால்தான் திருத்தப்படுகிறது என்பதால் இது அறியப்பட்ட சிக்கல், அதற்குச் சிகிச்சை உண்டு. இவை அனைத்துக்கும் முன்பாக, இதே நிலையில் சில ஆண்டுகளைக் கடந்த பார்வையற்ற ஒருவரைத் தேடிப் பேசுங்கள். சமையலறையில் சூடான பாத்திரத்தை எப்படி எடுப்பது, சாலையின் ஒலியிலிருந்து கடக்கும் நேரத்தை எப்படிக் கணிப்பது என்பவற்றை அவர் அளவுக்குச் சொல்லித்தரக் கூடியவர்கள் மிகச் சிலரே.